இயற்கைப் பேரிடர்கள் பொருளாதாரம், முதலீடு, மின்சாரம் ஆகியவற்றை எப்படிப் பாதிக்கின்றன?

வடசென்னையில் திருவொற்றியூர், மணலி பக்கத்தில் சிறு பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில். 2015 வெள்ளம், 2016 வர்தா புயல், 2023 மிக்ஜாம் புயல் மூன்றும் அந்தக் கணக்குப் புத்தகங்களில் என்ன செய்தன என்று பார்த்திருக்கிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஒரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகும் நாட்டின் ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) பெரிதாக விழுவதில்லை. அதை வைத்து "பாதிப்பு குறைவு" என்று முடிவு கட்டுவது தவறு. ஓர் ஆண்டில் உற்பத்தியானது எவ்வளவு என்பதைத்தான் ஜிடிபி எண்ணுகிறது. ஏற்கெனவே இருந்த சொத்து அழிந்தால் அதைக் கழிப்பதில்லை. தண்ணீரில் மூழ்கிய லேத் மெஷின் அதில் தெரியாது, அதைப் பழுது பார்த்த கூலி மட்டும் கூடுதல் வருமானமாக ஏறிவிடும். எண் மேலே போகும்போதே பட்டறைக்காரர் கடனில் கீழே போய்க்கொண்டிருப்பார்.

பங்குச் சந்தையும் நாணயச் சந்தையும் அப்படித்தான், நடந்த சேதத்தை அப்படியே காட்டுவதில்லை. 2011 மார்ச் 11-ல் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. 15-ம் தேதி ஒரே நாளில் டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 10 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. நாடே அடிபட்ட அந்த நேரத்தில் அதன் நாணயமான யென்னின் மதிப்போ ஏறியது. இழப்பீடு கொடுக்கவும் மறுபடி கட்டவும் ஜப்பானிய நிறுவனங்கள் வெளிநாட்டுப் பணத்தைத் திரும்பக் கொண்டுவரும் என்று நாணய வியாபாரிகள் கணக்குப் போட்டதுதான் காரணம். கடைசியில் ஜி7 என்ற ஏழு பணக்கார நாடுகள் தலையிட்டு அதைத் தணிக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்பேட்டைகள் மூழ்கியதும் ஹார்டு டிஸ்க் விலை உலகம் முழுக்க ஏறியது. எங்கோ பெய்த மழைக்கு இங்கே சென்னையின் கம்ப்யூட்டர் கடைவீதியான ரிச்சி தெருவிலும் காசு கொடுத்தோம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். மீண்டு வருவதும் வராமல் போவதும் சேதத்தின் அளவை மட்டும் பொறுத்ததில்லை. முதல் வாரத்தில் யார் கையில் காசு இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். காப்பீட்டுப் பணம் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து, பில்லெல்லாம் கேட்டு, மாதக்கணக்கில் கழித்துத்தான் வரும். அதுவரை தள்ளுவண்டிக்காரரும் மீன் விற்கும் அக்காவும் தண்டலுக்குத்தான், அதாவது தினமும் திருப்பிக் கட்டும் வட்டிக் கடனுக்குத்தான் போவார்கள். பத்தாயிரம் என்று பெயர், பிடித்தம் போக ஒன்பதாயிரமோ எட்டரையோ கைக்கு வரும், தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகும் வியாபாரத்தை அரிப்பது இந்த வட்டிதான். மிக்ஜாமுக்கு அரசு ரேஷன் கடை வழியாகக் கொடுத்த 6,000 ரூபாயைப் பலர் இலேசாகப் பேசினார்கள். தண்டலுக்குப் போகாமல் ஒரு குடும்பம் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க அது எவ்வளவு உதவியது என்று எனக்குத் தெரியும்.

காப்பீடு வைத்திருந்தவர்களும் முழுதாகத் தப்பவில்லை. வங்கிக் கடனுக்காக எடுத்த பாலிசி பெரும்பாலும் கடன் தொகைக்குத்தான் இருக்கும், சரக்கின் முழு மதிப்புக்கு இருக்காது. பத்து லட்சம் சரக்கை ஐந்து லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், நான்கு லட்சம் சேதத்துக்கு இரண்டு லட்சம்தான் கிடைக்கும். பாதி மதிப்புக்கே காப்பீடு என்பதால் சேதத்திலும் பாதிதான், இதை ஆவரேஜ் விதி என்பார்கள். பாலிசியைப் புதுப்பிக்கும் முன் சரக்கின் இன்றைய மதிப்பைப் போட்டுப் பாருங்கள். வண்டிக்கும் ஒன்று: தேங்கிய தண்ணீரில் ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால், சாதாரண முழுக் காப்பீட்டில் பொதுவாகப் பணம் வராது. அதற்கு என்ஜின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

முதலீடு என்று கேட்டால் என் கருத்து இதுதான். வீடு, கடை, வாடிக்கையாளர்கள் எல்லாமே ஒரே தாழ்வான பகுதியில் இருந்தால் அன்றைக்கு எல்லாமே சேர்ந்து நனையும். சேமிப்பையும் அங்கேயே இன்னொரு மனையில் போடாதீர்கள். நாலு மாதச் செலவுக்கான பணம் உடனே எடுக்கும்படி வங்கியில் இருக்கட்டும். நகையை நம் வீட்டுப் பெண்கள் விடாமல் வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு, அவசரத்துக்கு ஒரே நாளில் பணமாகிவிடும்.

மின்சார விஷயத்தில், பேரிடர் மட்டுமே முடிவெடுப்பதில்லை. அந்த 2011 சுனாமியில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நடந்த விபத்துக்குப் பிறகு ஜெர்மனி அணு உலைகளைக் கைவிட முடிவு செய்து, 2023 ஏப்ரல் 15-ல் கடைசி மூன்றையும் மூடியது. ஜப்பானும் நிறுத்தியது, ஆனால் எரிவாயு இறக்குமதிச் செலவு தாங்காமல் 2015-ல் மறுபடி உலைகளை இயக்கத் தொடங்கியது. 2004 சுனாமியில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கடல்நீர் பம்ப் ஹவுசுக்குள் புகுந்தது. உலையைப் பத்திரமாக நிறுத்தி, சில நாட்களில் திரும்ப இயக்கினார்கள். மாற்று என்ன, அதற்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் சொன்ன பதில் வேறு.

எங்கள் பக்கத்து எண்ணூரில் அந்தக் கேள்வி இன்னும் கடுமையானது. அனல் மின் நிலையங்கள் நிற்பது கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகத்தை ஒட்டி. மழை வெள்ளம் வடிய வேண்டிய அதே இடத்தில்தான் அவற்றின் நிலக்கரிச் சாம்பலும் படிந்தது. கழிமுகம் ஆழம் குறைந்தால் தண்ணீர் ஊருக்குள் நிற்கும். மிக்ஜாமின்போது வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து காட்டுக்குப்பம் போன்ற ஊர்களின் படகுகளிலும் வலைகளிலும் அப்பிக்கொண்டது. ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையைக் கணக்கிடும்போது இந்த இழப்பையும் சேர்க்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். சேர்த்தால் நிலக்கரி இவ்வளவு மலிவாகத் தெரியாது.

வீட்டுக்குச் சோலார் போட நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் தெருவின் மின்கம்பியோடு இணைந்த சாதாரண ஆன்-கிரிட் அமைப்பு, தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். புயல் நாளில் விளக்கு எரிய வேண்டுமென்றால் கரண்ட் போனாலும் பேட்டரியில் இயங்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் சேர்த்தே விலை கேளுங்கள். பேட்டரியை மாடிப்படிக்குக் கீழே வைக்க விடாதீர்கள், முதல் மாடிக்கு ஏற்றச் சொல்லுங்கள்.