பழைய ஹைபிரிட் வாங்கப் போறியளோ? கேளுங்கோ, சொல்லுறன்

பழைய ஹைபிரிட் காரை (பெற்றோல் எஞ்சினோட பற்றரியில ஓடுற மோட்டாரும் சேர்ந்தது) பற்றிக் கேக்கிறதைக் கேளுங்கோ எண்டு சொன்னன். வந்து குவிஞ்சிட்டுது. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒண்டாக்கி எழுதியிருக்கிறன். என்னைத் தெரியாத ஆக்களுக்கு: கொக்குவில் பக்கம் கராஜ் வைச்சிருக்கிறன். முந்தி டீசல் வான் வேலைதான். முதல் பிரியஸ் வந்து சத்தமில்லாமல் முத்தத்தில நகர்ந்த நாள், எஞ்சின் நிண்டு போச்சு எண்டு நினைச்சு பொனற்றைத் திறந்த ஆள் நான்.

அண்ணை, 2013 டொயோட்டா அக்வா ஒண்டு பார்த்திருக்கிறன். மீற்றர் 82,000 காட்டுது. பற்றரி போனால் காரே போச்சு எண்டு மாமா பயப்படுத்திறார். எடுக்கலாமோ? (மானிப்பாய்)

மாமா பயப்பிடவேண்டிய இடம் வேற, தம்பி. முதல் பற்றரியைச் சொல்லுறன். அக்வாவின்ர பெரிய பற்றரி ஒரே கட்டியில்லை. 20 மொடியூல், ஒவ்வொண்டும் 7.2 வோல்ற், எல்லாம் தொடுத்தால் 144. நிக்கல் வகை. அது ஒரு நாளில சாகிறதில்லை. ஒரு மொடியூல் களைக்கும், பக்கத்து மொடியூலோட வித்தியாசம் கூடும், கம்பியூட்டர் அதைக் கண்டு டாஷ் போட்டில லைற்றைப் போடும். காரின்ர கம்பியூட்டரை வாசிக்கிற ஸ்கானரில பி0ஏ80 எண்ட பிழை இலக்கம் வரும். நான் திறந்ததுகளில கனக்க நடுவில இருக்கிற மொடியூல்தான் முதல் போயிருக்கு. ஏனெண்டால் நடுவுக்குத்தான் சூடு கூட.

அந்தச் சூட்டை எடுக்க ஒரு சின்ன விசிறி இருக்கு. பின் சீற்றடியில இருக்கிற கிரில்லால காருக்குள்ள இருக்கிற காத்தை இழுக்கும். எங்கட ஒழுங்கையளின்ர வெள்ளைத் தூசி, பிள்ளையளின்ர பிஸ்கட் தூள், நாய் மயிர், எல்லாம் அதுக்குள்ளதான் போகுது. சில பேர் அந்த கிரில்லுக்கு முன்னால அரிசி மூட்டையை வைச்சு ஓடுவினம். காத்தை மறிச்சால் பற்றரி அவியும். அதனால முதல் வேலையா அந்த கிரில்லை டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. பஞ்சு மாதிரித் தூசி நிண்டால், அந்தக் கார் எப்படி வளர்ந்ததெண்டு விளங்கிடும்.

இப்ப மாமா பயப்பிடவேண்டிய இடம்: அந்த 82,000. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை. தனியாருக்கு 2025 பெப்ரவரியிலதான் திறந்தவை. அந்த அஞ்சு வருசமும் உள்ளுக்க இருந்த கார்களே கை மாறிக் கை மாறி ஓடினது. 2013 கார் அவ்வளவுதான் ஓடியிருக்கெண்டால் ஓடாமல் நிண்டிருக்க வேணும், இல்லாட்டி மீற்றரைத் திருப்பியிருக்க வேணும். சாரதிக் கதவின்ர ஓரத்தில, பொனற்றுக்குள்ள, யப்பான் மொழியில ஒயில் மாத்தின ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும். வாசிக்கத் தெரியாட்டியும் பரவாயில்லை, இலக்கம் இலக்கம்தானே. யப்பானில ஒட்டின ஸ்ரிக்கரில 90,000 கிடந்து, இஞ்ச மீற்றரில 82,000 எண்டால் மிச்சத்தை நீங்களே யோசியுங்கோ.

ஒக்சன் சீற் காட்டினவை, கிரேட் 4.5. நம்பலாமோ? (வவுனியா)

ஒக்சன் சீற் எண்டது யப்பான் ஏலத்தில காரைச் சோதிச்சு எழுதிற கடதாசி, கிரேட் அதில குடுக்கிற புள்ளி. அந்தச் சீற்றை நம்பலாம். காட்டின கடதாசியை நம்பேலாது. போட்டோகொப்பியில 3.5 ஐ 4.5 ஆக்க ஒரு பேனை போதும். சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து நீங்களே தனியா எடுப்பியுங்கோ, அதுக்குச் சின்னக் காசுதான். கிரேட்டில ஆர் எண்டு வந்தால் அடிபட்டுத் திருத்தின கார். சீற்றில இருக்கிற கார்ப் படத்தில ஏ எண்டால் கீறல், யூ எண்டால் நசுங்கல், டபிள்யூ எண்டால் திருத்தின அடையாளம், எக்ஸ் எக்ஸ் எண்டால் அந்தப் பாகத்தையே மாத்தியிருக்கு. பக்கத்தில இருக்கிற 1, 2, 3 அளவைச் சொல்லுது. ஏ1க்கு ஒருத்தரும் நித்திரை முழிக்கத் தேவையில்லை. ஆனால் ஒண்டு, அது கார் யப்பானை விட்டு வெளிக்கிட்ட அண்டைய கதை. இஞ்ச வந்து பத்து வருசம் என்ன நடந்ததெண்டு அதில இராது.

பற்றரியை வாங்கிறதுக்கு முதல் எப்பிடிச் சோதிக்கிறது? (நல்லூர், கிளிநொச்சி, இன்னும் நாலு பேர்)

விக்கிறவருக்கு முதலே சொல்லுங்கோ, நான் வரும்வரை ஸ்ராட் பண்ணவேண்டாம் எண்டு. போய் பொனற்றில கை வையுங்கோ. சுடுதெண்டால் உங்களுக்கு முன்னம் ஆரோ ஓட்டிப் போட்டினம். அது ஏனெண்டும் கேளுங்கோ.

பேந்து ஸ்கானர். புளூடூத் அடாப்டர் ஒண்டும் போனில டொக்டர் பிரியஸ் மாதிரி ஒரு அப்பும் இருந்தால் டொயோட்டாவுக்குக் காணும். ஏ.சியை முழுசாப் போட்டு நாப்பது நிமிசம் ஓடுங்கோ. பத்து நிமிச ஓட்டத்தில செத்த பற்றரியும் நடிக்கும். அமத்திக் கொடுக்கேக்கயும் பிரேக் பிடிக்கேக்கயும் சோடி சோடியா வோல்ற்றேஜைப் பாருங்கோ. எல்லாம் ஒண்டா ஏறி ஒண்டா இறங்க வேணும். ஒரு சோடி மட்டும் எல்லாருக்கும் முதல் விழுந்து, எல்லாருக்கும் முதல் ஏறினால் அது நோயாளி. ஸ்கானர் இல்லாமல் பாக்கிறதெண்டால், திரையில இருக்கிற பற்றரிக் கோடுகள் மளமளவெண்டு நிறைஞ்சு மளமளவெண்டு இறங்குதோ எண்டு பாருங்கோ. சின்ன வாளிதான் கெதியா நிரம்பும்.

இன்னொரு தந்திரம் இருக்கு, இதை விக்கிற ஆக்கள் மறந்து போறவை. பிழை இலக்கத்தை அழிச்சால் லைற் போயிடும், ஆனால் அழிச்ச பிறகு எத்தனை கிலோமீற்றர் ஓடினதெண்டு கார் கணக்கு வைச்சிருக்கும். ஸ்கானரில அதைப் பாக்கலாம். 12 கிலோமீற்றர் எண்டு காட்டினால் சிரிச்சுக்கொண்டு கேளுங்கோ, நேற்று என்ன அழிச்சனியள் எண்டு.

2022 பெற்றோல் வரிசையில நிண்ட கார்களுக்கு ஏதும் பாதிப்பிருக்குமோ? (திருநெல்வேலி)

நல்ல கேள்வி, ஒருத்தரும் கேக்கிறதில்லை. அந்த யூன் மாதம் 92 பெற்றோல் 470 ரூபாய்க்குப் போனது. யூலையில கியூ.ஆர் பங்கீடு வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். தாங்கி வறண்ட பிறகும் சில பேர் பற்றரியிலயே வரிசையில முன்னுக்கு முன்னுக்கு நகர்த்தினவை. எஞ்சின் இல்லாட்டி பற்றரிக்கு ஆர் சார்ஜ் குடுக்கிறது? அடிமட்டத்துக்கு இறக்கினால் நிக்கல் பற்றரி அந்த அடியை மறக்காது. இதுக்குக் கடதாசியில அடையாளம் இல்லை. மேல சொன்ன ஓட்டச் சோதனைதான்.

ஹொண்டா ஃபிற் ஜீ.பி.5உம் வெசலும் அதே ஆண்டு டொயோட்டாவை விட மலிவாக் கிடக்கு. ஏன்? (வெள்ளவத்தை)

கியர்பெட்டி. டொயோட்டாவில கிளட்சும் இல்லை, பெல்ற்றும் இல்லை, ஒண்டையொண்டு சுத்திற பல்சக்கரங்களும் (கோள்பல்சக்கரம்) ரெண்டு மோட்டாரும்தான். அதில தேயிறதுக்கே சாமான் குறைவு. ஹொண்டாவின்ர அந்தத் தலைமுறையில ஏழு கியர், ரெட்டைக் கிளட்ச், அதுவும் உலர் கிளட்ச். 2013 செப்டெம்பரில ஃபிற் வந்தது, 2014 ஒக்ரோபருக்குள்ள யப்பானில அஞ்சு தரம் திருப்பி அழைச்சவை. கொம்பனிப் பெரியாக்களே சம்பளத்தில கழிச்சுக்கொண்டவை. மென்பொருள் திருத்தம் செய்த கார் நல்லா ஓடும், ஓட்டவும் அக்வாவை விடக் குஷிதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் காலி வீதி நெரிசலில ஊர்ந்து ஊர்ந்து போற ஆளுக்கு நான் சொல்லமாட்டன். ஊரில ஓட எண்டால், ஏத்தத்தில உதறுதோ, ரிவேர்ஸில இழுபடுதோ எண்டு பார்த்து எடுங்கோ.

சுசுகி வகன் ஆர் ஹைபிரிட் எப்பிடி? (சாவகச்சேரி)

நல்ல கார். ஆனால் ஹைபிரிட் எண்டு பேருக்குத்தான். முன் சீற்றடியில சின்ன லிதியம் பற்றரி, எஞ்சினுக்கு ஒரு கை குடுக்கும். அக்வாவோட ஒப்பிடாதேங்கோ.

பிரியஸ் 30, விடியக் காலமை ஸ்ராட் பண்ணேக்க குலுங்குது. மெக்கானிக் பிளக் மாத்தினவர், சரிவரேல்ல. (யாழ்ப்பாணம்)

கூலன்ற் குறையுதோ எண்டு பாருங்கோ அக்கா, இண்டைக்கே. பிரியஸ் 30இல ஈ.ஜீ.ஆர் எண்ட புகை திரும்பிப் போற பாதை கரி பிடிச்சு அடைக்கும். அடைச்சால் எஞ்சின் சூடு கூடும், கடைசியில ஹெட் காஸ்கற் (தண்ணி சிலிண்டருக்குள்ள போகாமல் மறிக்கிற தகடு) போகும். இரவு முழுக்க சிலிண்டருக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி இறங்கி நிக்கிறதுதான் காலமைக் குலுக்கல். குலுங்கக் குலுங்க ஓடிக்கொண்டிருந்தால் எஞ்சினே போகும். வாங்கப் போறவைக்கும் இதுதான்: ஈ.ஜீ.ஆர் எப்ப துப்பரவாக்கினது எண்டு கேளுங்கோ. அப்பிடியெண்டால் என்ன எண்டு விக்கிறவர் திருப்பிக் கேட்டால், அந்தச் செலவையும் கணக்கில எடுத்து விலை பேசுங்கோ.

நான் ரொறன்ரோவில. அம்மாவுக்கெண்டு ஊரில ஒரு அக்ஸியோ ஹைபிரிட் எடுத்து விட்டிருக்கிறன். நான் வாற ரெண்டு மாதம்தான் ஓடும். ஒவ்வொரு முறையும் வந்து பார்த்தால் செத்துக் கிடக்கு.

உங்களைப் போல ஆக்களாலதான் என்ர கராஜ் யூலையில நிரம்பிறது. செத்துக் கிடக்கிறது பெரும்பாலும் சின்னப் பற்றரி, 12 வோல்ற். கார் றெடி ஆகிறதுக்கு அது வேணும். அது படுத்தால் பெரிய பற்றரி நிறைய இருந்தாலும் ஒண்டும் நடவாது. இன்னொரு வாகனத்தில இருந்து வயர் போட்டு எழுப்பலாம். ஆனால் உங்கட காரால பக்கத்து வீட்டு லொறியை எழுப்பப் போகாதேங்கோ, இன்வேட்டர் எரிஞ்ச கதையள் இருக்கு.

சின்னப் பற்றரியின்ர வயரைக் கழட்டி வைச்சிட்டுப் போறன் எண்டு சொல்லுவியள். அது சின்னதுக்குச் சரி. பெரியது தன்ர பாட்டில இறங்கிக்கொண்டே இருக்கும், பத்து மாதம் கூட. அதனால ரெண்டு கிழமைக்கொருக்கா ஆரும் வந்து பச்சை றெடி லைற் எரியிறமாதிரிப் போட்டு அரை மணித்தியாலம் விட வேணும். ஒழுங்கையில ஒரு சுத்துச் சுத்தினால் இன்னும் நல்லது, பிரேக் டிஸ்க்கும் துருப்பிடியாது. எலியையும் பாருங்கோ. நிக்கிற காரைப் போல எலிக்கு நல்ல வீடு இல்லை.

பாதி விலைக்கு ரீகண்டிசன் பற்றரி, ஆறு மாத உத்தரவாதம் எண்டு சொல்லுறாங்கள். போடலாமோ? (கொடிகாமம்)

என்ர அனுபவத்தைச் சொல்லுறன். தொடக்கத்தில ஒருத்தரிட்ட மொடியூல் வாங்கினன். வோல்ற்றேஜ் எல்லாம் ஒண்டா இருந்தது, நானும் வோல்ற்றேஜை மட்டும் பார்த்து ஒரு ஆசிரியரின்ர அக்வாவுக்குப் போட்டன். மூண்டு மாதத்தில லைற். மாத்தினன். இன்னும் ரெண்டு மாதத்தில வேறொரு மொடியூல். மூண்டாம் தரம் அந்த மனிசன் ஒரு வார்த்தையும் சொல்லாமல் திறப்பை மேசையில வைச்சார். அண்டைக்கு முழுக் காசையும் திருப்பிக் குடுத்தன்.

பிழை என்னெண்டால், ஒண்டா நிக்கிற வோல்ற்றேஜ் ஒண்டுமில்லை. ஒவ்வொரு மொடியூலையும் நிறைச்சு, இறக்கி, எவ்வளவு தாங்குதெண்டு அளந்து சோடி சேர்க்க வேணும். அதுக்கு நாள்க்கணக்கு எடுக்கும். ஒரு நாளில போட்டுத் தாறன் எண்டால் அவர் அளக்கேல்ல. காரை இன்னும் நாலு வருசம் வைச்சிருக்கப் போறியள் எண்டால் புதுசு போடுங்கோ. விக்கத்தான் திருத்திறியள் எண்டால்... வாங்கிற ஆளும் இதை வாசிச்சுக்கொண்டிருக்கலாம்.

என்ர அக்வா யப்பானில லீற்றருக்கு 35 கிலோமீற்றர் ஓடுமாம். நான் ஏ9இல கொழும்புக்குப் போனால் 21தான். கார் பிழையோ? (பருத்தித்துறை)

கார் சரி. அந்த 35.4 சோதனைக்கூடக் கணக்கு. ஹைபிரிட் உழைக்கிறது பிரேக்கில: நீங்கள் நிப்பாட்டேக்க வீணாப் போற சக்தியைப் பிடிச்சு வைக்கும். கிளிநொச்சியில இருந்து வவுனியா மட்டும் ஒரே வேகத்தில போனால் பிடிக்கிறதுக்கு என்ன இருக்கு? அதே கார் வெள்ளவத்தை நெரிசலில உங்களைக் காப்பாத்தும். ரயர் காத்தை ஒருக்காப் பாருங்கோ.

சிக்னலில நியூட்ரலுக்குப் போடுறனான். நல்லதுதானே?

இல்லை. நியூட்ரலில பெரிய பற்றரிக்கு சார்ஜ் ஏறாது, ஏ.சி மட்டும் குடிக்கும். டீ (D) கியரில விட்டு பிரேக்கைப் பிடியுங்கோ.

ஓப்பின் பேப்பரில (பேர் மாத்தாமல், கையெழுத்துப் போட்ட பத்திரத்தோட) குறைச்சுத் தாறாங்கள். (முல்லைத்தீவு)

வேண்டாம். பதிவுப் புத்தகத்தில பேர் உள்ள ஆளோட நேர கதையுங்கோ, லீசிங் கொம்பனியின்ர பேர் கிடக்கோ எண்டும் பாருங்கோ.

92 போதுமோ, 95 அடிக்க வேணுமோ? ஒயில் என்ன?

அக்வா, அக்ஸியோவுக்கு 92 தாராளம். ஒயில் 0டபிள்யூ-20. தடிச்ச ஒயில் ஊத்தினால் எஞ்சினுக்கு நல்லதெண்டு சொல்லுற மெக்கானிக்கிட்ட டீசல் வானைக் கொண்டுபோங்கோ.

அங்கிள், எல்லாம் சரி. ரேடியோவில எங்கட சனல் ஒண்டும் பிடிக்குதில்லை. பழுதோ? (சுன்னாகம்)

பழுதில்லை பிள்ளை. பழைய யப்பான் கார் ரேடியோவின்ர எஃப்.எம் 76இல தொடங்கி 90ஓட முடியும். எங்கட நிலையங்கள் கனக்க அதுக்கு மேல. பாண்ட் எக்ஸ்பாண்டர் எண்டு தீப்பெட்டியளவில ஒண்டு விக்குது, அன்ரெனா வயருக்கு நடுவில கொழுவ வேணும். சனிக்கிழமை பின்னேரம் கொண்டு வாங்கோ, பத்து நிமிச வேலை.