தரம் ஒன்றென்றால் தேர்வு ஏன் இரண்டு? துவாரகாவிலிருந்து கேட்ட தம்பிக்கு

கரூரிலிருந்து தில்லிக்கு வந்து நான்கு மாதங்களாகத் துவாரகாவில், பறக்கும் முன் படிக்க வேண்டிய பாடங்களுக்கான தரைவகுப்பு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பறக்கும் பயிற்சிக்கு அமெரிக்காவா தென்னாப்பிரிக்காவா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். விமானிப் பயிற்சிக்கு உலகம் முழுவதும் ஒரே தரம் என்கிறார்கள். அப்படியானால் வெளிநாட்டு உரிமத்தோடு திரும்பி வருபவர் இங்கே மறுபடியும் தேர்வு எழுத வேண்டியது ஏன்? தமிழ் வாடை அடிக்கும் என் ஆங்கிலம் இந்தத் தொழிலுக்குப் போதுமா?"

அன்புள்ள தம்பி, நான் திருநெல்வேலியை விட்டு வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவில் பயின்று, உரிமத்தை இங்கே மாற்றிக்கொண்டு, சில ஆண்டுகள் பயிற்றுநராகப் பறந்து, இப்போது தில்லியின் பாலம் (Palam) பகுதி அருகே உங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். உங்கள் கேள்வி என்னையும் ஒரு காலத்தில் தூங்கவிடாமல் செய்த கேள்விதான்.

1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையில்தான் இதற்கு விடை இருக்கிறது. நாடு கடந்து பறக்கும் விமானத்தின் விமானி, அந்த விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு வழங்கிய அல்லது செல்லுபடியாக்கிய உரிமத்தை வைத்திருக்க வேண்டும் என்று அதன் 32ஆவது பிரிவு சொல்கிறது. அந்த உரிமம் குறைந்தபட்சத் தரத்துக்குக் கீழே போகாதவரை மற்ற நாடுகள் அதை ஏற்க வேண்டும் என்கிறது 33ஆவது பிரிவு. ஆகவே இந்திய உரிமத்தோடு இந்திய விமானத்தை லண்டனில் கொண்டுபோய் இறக்குபவரிடம் பிரிட்டன் தனியாகத் தேர்வு கேட்பதில்லை, ஆனால் வி.டி. என்ற எழுத்துகளோடு இந்தியாவில் பதிவான விமானத்தை ஓட்ட இந்தியாவின் உரிமம் வேண்டும், அதை வழங்குவதற்கு முன் இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. தன் பங்குக்குச் சோதித்துப் பார்க்கிறது. நீங்கள் இப்போது படிக்கும் விமான ஒழுங்குமுறையும் வழிகாணலும் வானிலையும் எந்த நாட்டுக்குப் போனாலும் வீணாகப் போவதில்லை.

தரம் ஒன்று என்று சொல்வது அடித்தளத்தை மட்டுமே குறிக்கும். வணிக விமானி உரிமத்துக்கு, பன்னாட்டு விமானப் போக்குவரத்துத் தரங்களை வகுக்கும் ஐ.நா. அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. கேட்பது 200 மணி நேரப் பறத்தல்; அங்கீகாரம் பெற்ற பள்ளியில் முழுப் பாடத்திட்டமாகப் படித்தால் 150 போதும். இந்தியா 200 மணி கேட்கிறது. அமெரிக்காவில் பொதுவாக 250, அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டமுள்ள பள்ளியில் 190. எதுவும் அடித்தளத்துக்குக் கீழே போகவில்லை, ஆனால் ஒரு மணி நேரம் என்று எதை எண்ணுவது என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு இருக்கிறது. நான் அடிபட்ட இடம் அதுதான்.

அமெரிக்க விதிப்படி, கண்ணை மறைத்துக் கருவிகளை மட்டும் பார்த்துப் பழகும் ஒருவரும், அவருக்காக வெளியே பார்த்துக்கொண்டு பாதுகாப்பு விமானியாக அமர்ந்திருப்பவரும், உரிய நிபந்தனைகள் பொருந்தினால் அதே நேரத்தை இருவருமே தலைமை விமானியாகப் பறந்த நேரமென்று லாக்புக்கில் எழுதிக்கொள்ளலாம். செலவு பாதியாகிறதே என்று நானும் ஒரு நண்பரும் அப்படியே பறந்தோம். தில்லிக்குத் திரும்பியபோது அவ்வாறு எழுதிய 31 மணி நேரம் என் கணக்கில் சேரவில்லை. நான் பயின்ற பள்ளியில் இதைப் பற்றி எவரும் எச்சரிக்கவில்லை. என் மணிக்கணக்கு சரிதானா என்று கேட்ட சரிபார்ப்புக் கடிதத்துக்கு அவர்கள் பதில் போடவும் ஐந்து மாதங்கள் ஆயின. கடன் வட்டி ஏறிக்கொண்டிருக்க, என் தந்தை தொலைபேசியில் எதுவும் கேட்காமல் இருந்தது இன்றும் எனக்கு வலிக்கிறது.

பயிற்சிப் பள்ளிகள் நாடு கடந்து ஒத்துழைக்க வேண்டும் என்று நான் மனதாரச் சொல்வது இதனால்தான். ஒத்துழைப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் 1985இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உடான் அகாடமி என்ற விமானிப் பயிற்சிப் பள்ளியின் நிர்வாகத்தில் கனடாவின் விமானப் பயிற்சி நிறுவனமான சி.ஏ.இ. 2008 முதல் பல ஆண்டுகள் பங்கேற்றது. மகாராஷ்டிரத்தின் கோந்தியாவிலும் அந்த நிறுவனம் இந்திய விமான நிலைய ஆணையத்தோடு சேர்ந்து பள்ளி நடத்துகிறது. ஐ.சி.ஏ.ஓ. 2010இல் தொடங்கிய டிரெயின்ஏர் பிளஸ் என்ற வலைப்பின்னலில் பல நாட்டு விமானத்துறைப் பயிற்சி நிலையங்கள் பாடத்தொகுப்புகளைப் பகிர்ந்துகொள்கின்றன. பாடத்திட்டமும் சிமுலேட்டரும் எளிதாகக் கடல் தாண்டிவிடும். கடினமானது பயிற்றுநரின் அளவுகோல்: குறுக்குக் காற்றில் தரையிறங்கும் ஒரு மாணவரைப் பார்த்து ஒருவர் 'தனியே அனுப்பலாம்' என்பார், இன்னொருவர் 'இன்னும் மூன்று பாடம் வேண்டும்' என்பார். பள்ளிகள் தங்கள் பயிற்றுநர்களை ஒருவர் மற்றவர் பள்ளிக்கு அனுப்பி, மாணவர் பதிவேடுகளையும் ஒரே வடிவில் வைத்தால் என்னைப் போல் எவரும் தவிக்க மாட்டார்கள்.

ஆங்கிலத்தைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். 1996 நவம்பர் 12 அன்று, தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி விமானமும் தில்லியை நோக்கி இறங்கிய கசகஸ்தான் விமானமும் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி மேலே மோதி 349 பேர் இறந்தார்கள். முதலாவதற்கு 14,000 அடி, இரண்டாவதற்கு 15,000 அடி என்று உயரம் ஒதுக்கப்பட்டிருந்தது. கசகஸ்தான் விமானம் தன் உயரத்தில் நிற்காமல் கீழே வந்துவிட்டது. அந்த விமானிகளின் ஆங்கிலப் போதாமையும் விசாரணையில் பேசப்பட்டது. இத்தகைய விபத்துகளுக்குப் பிறகுதான் 2008 மார்ச் முதல் பன்னாட்டு விமானிகளுக்கு ஐ.சி.ஏ.ஓ.வின் ஆறு நிலை அளவுகோலில் ஆங்கிலத்தில் குறைந்தது நான்காம் நிலை வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அந்த நான்காம் நிலையின் விளக்கத்திலேயே, உச்சரிப்பில் தாய்மொழியின் சாயல் இருக்கலாம், ஆனால் அது சில வேளைகளில் மட்டுமே புரிதலுக்கு இடையூறாகலாம் என்றுதான் இருக்கிறது. ஆகவே தமிழ்ச் சாயலுக்காகக் கூச வேண்டாம்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது சொற்றொடர். ஓடுபாதைக்குள் வந்து நில் என்பதற்கு அமெரிக்காவில் 2010 வரை 'பொசிஷன் அண்ட் ஹோல்ட்' என்றார்கள். மற்ற நாடுகளில் 'ஹோல்டிங் பொசிஷன்' என்பது ஓடுபாதைக்கு வெளியே நிற்கும் இடம். ஏறக்குறைய எதிர்ப்பொருள். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் அவர்களும் 'லைன் அப் அண்ட் வெயிட்' என்ற உலக வழக்குக்கு மாறினார்கள். அலைவரிசை எண்ணைச் சொல்லும்போது நடுவிலுள்ள புள்ளியை அங்கே 'பாயிண்ட்' என்பார்கள், இங்கே 'டெசிமல்' என்போம். உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்தத்தை அங்கே பாதரச அங்குலத்தில் சொல்வார்கள், இங்கே ஹெக்டோபாஸ்கலில். எங்கு படித்தாலும் இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள்.

முதல் வகுப்பு மருத்துவச் சான்று கைக்கு வரும் முன் எந்தப் பள்ளிக்கும் முன்பணம் கட்டாதீர்கள். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே படித்து இந்திய உரிமம் பெற்ற இருவரிடமாவது, சரிபார்ப்புக் கடிதத்துக்குப் பதில் எத்தனை நாளில் போனது, எத்தனை மணி நேரம் கணக்கில் சேராமல் போனது என்று கேளுங்கள். ஞாயிறு காலை பெரும்பாலும் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் இருப்பேன். பள்ளிகள் அனுப்பிய ஒப்பந்தத் தாள்களை எடுத்து வாருங்கள், எந்த மணி நேரம் இங்கே செல்லும், எது செல்லாது என்று வரிவரியாகக் குறித்துத் தருகிறேன்.