உயிருக்கு அளவு உண்டா? – கேள்வி பதில்

மணிமேகலையின் 27ஆவது காதையில், வஞ்சி நகரத்தில், மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் ‘உம் பொருள் என்ன’ என்று கேட்கிறாள். உயிர் எதனால் ஆனது என்று நண்பர்கள் அனுப்பிய கேள்விகளைப் படித்தபோது அந்தக் காதைதான் நினைவுக்கு வந்தது. நான் சைவ சித்தாந்தம் படித்தவன். மற்றச் சமயங்களை அவரவர் நூல்களின் வழியாகவே சொல்ல முயல்கிறேன்.

கேள்வி: ஐயா, உயிர், ஆன்மா, மனம் எல்லாம் ஒன்றுதானே?

உயிரும் ஆன்மாவும் ஒன்று, மனம் வேறு. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் நான்கும் உயிருக்குக் கிடைத்த கருவிகள். அமைச்சர்களோடு கூடிய அரசன் போல உயிர் அவற்றோடு கூடி நிற்கிறது என்கிறது சைவ சித்தாந்தத்தின் முதன்மை நூலான சிவஞான போதத்தின் நான்காம் சூத்திரம்.

கேள்வி: மூளை வேலை செய்கிறது, நினைவு வருகிறது. இதற்கு நடுவில் உயிர் என்று ஒரு தனிப்பொருள் எதற்கு?

இது பழைய கேள்வி. மணிமேகலையில் வரும் பூதவாதியும் இதையேதான் சொல்கிறான்: ஆத்திப் பூவும் வெல்லக் கட்டியும் மற்றதும் சேர்ந்தால் கள்ளின் வெறி பிறப்பது போல, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும், கண்ணால் கண்டதைத் தவிர வேறு எதையும் ஏற்கமாட்டேன். அதற்கு மணிமேகலை கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்?

13ஆம் நூற்றாண்டில் சிவஞான போதம் செய்த மெய்கண்டார் இதற்கு ஒரு சூத்திரமே எழுதினார். ‘உளதில தென்றலின் எனதுடல் என்றலின்’ என்று தொடங்கும் மூன்றாம் சூத்திரம் அது. ‘உயிர் இல்லை’ என்று சொல்லவும் ஓர் அறிவு வேண்டுமே, அந்த அறிவு எது? ‘என் வீடு’ என்பது போல ‘என் உடல்’ என்கிறோம், அப்படியானால் உடையவன் யார்? கண் ஒலியை அறியாது, காது நிறத்தை அறியாது, ஐந்தையும் சேர்த்து அறிவது எது? ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு ஓடுகிறது, ஆனால் உண்பதும் இல்லை, செயலும் இல்லை. ஆகவே மூச்சும் உயிர் அல்ல. இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் ‘உணர்த்த உணர்தலின்’ என்கிறார். பிறர் சொல்லிக் கொடுத்தால்தான் நமக்குத் தெரிகிறது. தானே எல்லாம் அறிவது இறைவன், அறிவிக்க அறிவது உயிர். என்னைச் சித்தாந்தத்துக்குள் இழுத்து வந்தது இந்த ஒரு சொல்தான்.

கேள்வி: உயிர் எவ்வளவு பெரியது? ஆளுக்கு ஆள் வேறு சொல்கிறார்களே.

மிக நல்ல கேள்வி. சமணர் சொல்வது: உயிர் உடம்பின் அளவுதான். எறும்பில் எறும்பளவு, யானையில் யானையளவு. ஒரே விளக்கைக் குடத்துக்குள் வைத்தால் குடமளவும், கூடத்தில் வைத்தால் கூடமளவும் ஒளி நிறைகிறதே, அதுபோல. காலில் முள் குத்தினாலும் தலை வலித்தாலும் தெரிகிறதே, அப்படியானால் உயிர் எல்லா இடத்திலும் இருக்கத்தானே வேண்டும் என்பார்கள்.

வைணவர் (இராமானுசர் வழி) உயிர் அணுவளவு, இதயத்தில் இருக்கிறது என்பார்கள். மயிர் நுனியை நூறாகப் பிளந்து, அதில் ஒன்றை மீண்டும் நூறாகப் பிளந்த அளவு என்கிறது சுவேதாசுவதர உபநிடதம். சரி, காலில் முள் குத்தினால் எப்படித் தெரியும்? விளக்கு ஓரிடத்தில் இருந்தாலும் ஒளி அறையெங்கும் பரவும்; உயிர் அணு, அதன் அறிவு பரவுவது. பாருங்கள், இரண்டு சமயத்துக்கும் உவமை அதே விளக்குதான், முடிவு மட்டும் வேறு.

சித்தாந்தம் இரண்டையும் ஏற்பதில்லை. உடம்பளவு விரிந்து சுருங்கும் பொருள் அழியும் பொருளாகிவிடும் என்று சமணரை மறுக்கும். உயிர் இயல்பில் எங்கும் நிறைந்தது, ஆணவ மலம் என்னும் அழுக்குத்தான் அதை அணுப்போலச் சுருக்கி வைத்திருக்கிறது. செம்பில் களிம்பு எப்போது வந்தது என்று கேட்க முடியாதது போல, அந்த மலமும் தொடக்கம் இல்லாதது. ‘அணு’வாக்குவதால்தான் அதற்கு ‘ஆணவம்’ என்று பெயர்.

கேள்வி: பௌத்தத்தில் ஆன்மாவே இல்லை. அப்புறம் யார் மறுபிறவி எடுப்பது?

உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என ஐந்து கந்தங்களின் (தொகுதிகளின்) கூட்டத்தைத்தான் ‘நான்’ என்கிறோம் என்பது அவர்கள் கொள்கை. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் எந்தப் பொருளும் இடம் மாறுவதில்லை, ஆனாலும் இதனால்தான் அது எரிகிறது. வினை அப்படித் தொடர்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனால் ‘பௌத்தர் எதையும் நம்பாதவர்’ என்று மேடையில் சிலர் பேசுவது அநியாயம்.

கேள்வி: உயிருக்கு நிறம் உண்டு என்று எங்கோ படித்தேன்.

ஆசீவகர் என்ற பழைய சமயத்தார் கரும்பிறப்பு முதல் வெண்பிறப்பு வரை ஆறு நிறப் பிறப்பு சொன்னார்கள். உயிரோடு நிலம், நீர், தீ, காற்று என்ற நால்வகை அணுவும்தான் அவர்கள் நூலின் பொருள். சமணரும் உயிர்மேல் படியும் ஆறு நிறம் சொல்வார்கள். வினையே நுண்ணிய துகளாக உயிரில் ஒட்டுகிறது என்பது அவர்கள் கருத்து.

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவர்கள். ஆவியும் ஆத்துமாவும் இரண்டா?

அங்கேயே இரு கருத்து உண்டு. ‘ஆவி ஆத்துமா சரீரம்’ என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை வைத்து மூன்று என்பார் ஒரு சாரார். இரண்டும் ஒன்றின் பெயரே, மனிதன் உடலும் ஆத்துமாவும்தான் என்பார் இன்னொரு சாரார். இஸ்லாத்தில் ரூஹு (உயிர்) பற்றிக் கேட்டவர்களுக்கு, அது என் இறைவனின் கட்டளையைச் சேர்ந்தது, உங்களுக்குக் கொடுக்கப்பட்ட அறிவு கொஞ்சமே என்று குர்ஆன் (17:85) பதில் சொல்கிறது.

கேள்வி: கடைசியில் எல்லாரும் ஒன்றைத்தானே சொல்கிறார்கள்?

இல்லை. அப்படிச் சொன்னால் யார் சொன்னதையும் நாம் காது கொடுத்துக் கேட்கவில்லை என்று ஆகிவிடும். குடம் உடைந்தால் உள்ளே இருந்த வெற்றிடமும் வெளியே இருந்த வெற்றிடமும் ஒன்றே, உயிரும் இறையும் அப்படித்தான் என்பது அத்துவைதம். அங்கே உயிர் என்று தனியாக எதுவும் மிஞ்சாது. சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் திருவருட்பயனில் ‘தாடலைபோல்’ என்கிறார். தாள், தலை என்ற இரு சொல் சேர்ந்து ‘தாடலை’ என ஒரு சொல்லாகிறது, ஆனால் தாளும் தலையும் அழியவில்லை. இறைவன் திருவடியில் உயிர் அப்படிக் கலந்து, தான் கெடாமல் இன்பம் நுகரும். உயிர் எப்படிப்பட்டது என்று சொல்வதும் முத்தி எப்படிப்பட்டது என்று சொல்வதும் ஒன்றோடு ஒன்று பின்னியவை. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும்.

கேள்வி: அப்பா போய் இரண்டு மாதம் ஆகிறது. அவர் இப்போது எங்கே, ஐயா?

தம்பி, ‘குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே’ என்ற குறளில் குடம்பை என்பதைக் கூடு என்றுதான் பலரும் சொல்வார்கள். பரிமேலழகர் முட்டை என்கிறார். கூட்டுக்குப் பறவை திரும்பி வரும், முட்டைக்குள் திரும்பாது. எவ்வளவு கூர்மையாகவும் எவ்வளவு வலியோடும் பார்த்திருக்கிறார்! அதே உடம்பில் அப்பா வரமாட்டார். ஆனால் உயிர் வெறுங்கையோடு போவதில்லை என்கிறது சித்தாந்தம். ஓசை, ஊறு, உருவம், சுவை, நாற்றம் ஆகிய ஐந்தின் நுண்வடிவமும் மனமும் புத்தியும் அகங்காரமும் சேர்ந்த எட்டால் ஆன நுண்ணுடம்போடு போகிறது. செய்த வினையும் இறைவன் அருளும் அதற்கு அடுத்த இடத்தைத் தருகின்றன.

அவருக்கு அடித்த இரங்கல் அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். சைவர் ‘சிவபதம் அடைந்தார்’ என்று போடுவார்கள், வைணவர் ‘ஆசார்யன் திருவடி அடைந்தார்’ என்பார்கள், கிறிஸ்தவர் ‘கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்’ என்பார்கள். உங்கள் வீட்டில் எந்தச் சொல்லைப் போட்டீர்கள் என்று எழுதுங்கள், அதிலிருந்து தொடர்ந்து பேசுவோம்.