சாத்துக்குடி அளவில் ஒரு தலை

வணக்கம்.

உங்கள் அம்மா பின்னிய டிவி உறையைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை, வயது 63, டெல்டா பக்கம் ஓர் ஊர். ஒன்பதாம் வகுப்பில் கான்வென்ட் தையல் பீரியடில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த, கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷா, நாற்பத்தைந்து வருடம் கழித்து யூடியூப் தயவில் கைக்குத் திரும்பி வந்தது.

போன வருடம் மட்டும் 36 குல்லா, 14 ஜோடி காலுறை, 9 மஃப்ளர் பின்னினேன். குல்லாவையும் காலுறையையும் ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் கொடுத்தேன். "வச்சிட்டுப் போங்கம்மா, ரொம்ப சந்தோஷம்" என்றார்கள். இரண்டு மாதம் கழித்து உறவுக்காரப் பெண்ணைப் பார்க்க அதே வார்டுக்குப் போனேன். நான் போட்ட முடிச்சுகூட அவிழாமல் பை பீரோ மேல் இருந்தது. மஃப்ளர்கள் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போயின. அங்கே ஒரு பெரியவர் அதைத் தன் கைத்தடியின் பிடியில் சுற்றி வைத்திருக்கிறார்.

"நீ நூலுக்குச் செலவழிச்ச காசுக்குத் திருப்பூர்ல இதைப்போல மூணு மடங்கு வாங்கிக் கொடுத்திருக்கலாம். இது தர்மம் இல்லம்மா, உன் டைம்பாஸ்" என்கிறான் என் மகன். குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்டோபஸ் பொம்மை பின்னிக் கொடுக்கிறார்களாமே, அதைச் செய்யட்டுமா? இல்லை, எல்லாவற்றையும் நிறுத்திவிடட்டுமா?

(பெயர் வேண்டாம்.)

அன்புள்ள டீச்சருக்கு,

மகன் போட்ட கணக்கு சரி. கணக்கு டீச்சரிடம் அதை மழுப்பிப் பிரயோசனமில்லை.

இன்னும் சொல்லப்போனால், அவர் உங்கள் நேரத்துக்கு விலை போடவில்லை. போட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். காலுறை பின்ன இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589-லேயே இயந்திரம் செய்துவிட்டார். ஸ்வெட்டர், பனியன் எல்லாம் அந்த வம்சம்தான். குரோஷாவுக்கு மட்டும் இன்றுவரை தொழிற்சாலை இயந்திரம் வரவில்லை. கடையில் தொங்குவது உண்மையான குரோஷா என்றால் அது யாரோ ஒருவர் மணிக்கட்டு வலிக்கப் பின்னியது. ஆந்திராவில் நரசாபூர் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து சொற்பக் கூலிக்கு லேஸ் பின்னுகிறார்கள். ஒரு தலையை மூட உலகத்தில் இருக்கும் வழிகளிலேயே மெதுவானது நம்முடையதாகத்தான் இருக்கும்.

"கையால் செய்தது, அன்பு கலந்தது" என்று நான் ஆரம்பிப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். மூன்று நாள் குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரியாது, டீச்சர். அதற்குத் தெரிவது குளிர் ஒன்றுதான்.

உங்கள் பைக்கு நேர்ந்தது என் பைக்கும் நேர்ந்திருக்கிறது. ஆறேழு வருடத்துக்கு முன் 20 குல்லாவோடு ஒரு மருத்துவமனைக்குப் போனேன். எல்லாம் இளநீலம், இளஞ்சிவப்பு, உச்சியில் பஞ்சுப் பந்து வேறு. பச்சிளம் குழந்தைகள் வார்டின் சிஸ்டர் என்னை வாசலிலேயே நிறுத்தி, கை கழுவச் சொல்லி, கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நிற்கச் சொன்னார். என் முகம் வாடியதைப் பார்த்திருக்க வேண்டும். என் குல்லா ஒன்றை எடுத்து அங்கே இருந்த பொம்மையின் தலையில் மாட்டிக் காட்டினார். தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்திருக்கும் குறைமாதப் பொம்மை அது. குல்லா நெற்றி தாண்டி, கண் தாண்டி, தாடையில் வந்து உட்கார்ந்தது.

அப்புறம் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சுருளை எடுத்தார். மாவுக்கட்டுக்கு அடியில் உறை மாதிரி போடுவார்களே, அந்த ஸ்டாக்கிநெட் துணி. ஒரு சாண் வெட்டினார். ஒரு முனையில் முடிச்சு, மறு முனையில் ஒரு மடிப்பு. "இதுதாம்மா எங்க குல்லா" என்றார்.

எனக்கு அங்கேதான் புரிந்தது. நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு 34, 35 செ.மீ. உரித்த சின்னத் தேங்காய் மாதிரி. நான் இணையத்தில் எடுத்த 'நியூபார்ன்' கணக்கு அந்தத் தலைக்கானது. 28 வாரத்தில் பிறந்துவிட்ட குழந்தைக்கு 25, 26 செ.மீ.தான் இருக்கும். ஒரு பெரிய சாத்துக்குடி. அந்த அளவில் குல்லா கேட்டால் நம் ஊர்த் துணிக்கடையில் முழிப்பார்கள். உங்கள் மகனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். மூன்று மடங்கு வாங்கலாம், சரி, இந்த அளவில் ஒன்று வாங்கிவரச் சொல்லுங்கள்.

நம் வெயிலில் குல்லா எதற்கு என்பார்கள். குறைமாதக் குழந்தையின் உடம்பில் கொழுப்பு அதிகம் இல்லை, தலையோ உடம்பின் அளவுக்குப் பெரியது. சித்திரையிலும் அதற்குக் குளிரும். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-இல் இன்குபேட்டர் போதாமல் தவித்த மருத்துவர்கள், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்பில் தோலோடு தோலாக அணைத்துக் கட்டிவைக்கத் தொடங்கினார்கள். அதுதான் இன்று நம் மருத்துவமனைகளிலும் நடக்கும் கங்காரு பராமரிப்பு. பிறந்தவுடனே அதைத் தொடங்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்திருக்கிறது. அப்போது குழந்தையின் உடம்பில் இருப்பது மூன்றே உருப்படி: குல்லா, இடுப்புத் துணி, காலுறை. மற்றபடி எல்லாம் அம்மாவின் சூடு. ஆக அங்கே குல்லா வைத்தியத்தில் ஒரு பாகம்.

நிறைமாதக் குழந்தைக்கு இந்தப் பஞ்சம் கிடையாது. அரசு மருத்துவமனைகளில் 2015-இல் தொடங்கிய குழந்தைப் பரிசுப் பெட்டகத்திலேயே 16 பொருள், உடை உட்பட. அதோடு நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்குப் புதுசு போடவும் மாட்டார்கள். தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து, துவைத்து, வெயிலில் காயவைத்து எடுத்து வந்திருப்பார்கள். பாட்டி இருக்கும்போது உங்கள் மஞ்சள் குல்லாவைத் தொடவிடுவாரா? பழைய வேட்டியைவிட மெத்தென்ற துணியும் கிடையாது, பாட்டி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பீரோ மேல் இருந்த பைக்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். உல்லன் நூல் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் அக்ரிலிக் என்கிற செயற்கை இழை. கொதிநீரில் போட்டால் உருக்குலைந்துவிடும். கொதிக்கவைக்க முடியாத ஒன்றை அந்த வார்டுக்குள் விட சிஸ்டருக்கு மனசு வராது. காட்டன் நூலுக்கு மாறுங்கள், கொடுப்பதற்கு முன் வாசனையில்லாத சோப்பில் துவைத்து, மூடிய பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பஞ்சுப் பந்து, பட்டன், கட்டும் கயிறு எதுவும் கூடாது.

காலுறை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பயமுறுத்துகிறேன். உள்பக்கம் ஓர் இழை தொங்கினால் போதும், குழந்தையின் கால்விரலில் சுற்றிக்கொண்டு இறுகும். ரத்த ஓட்டம் நின்று விரல் நீலம்பாயும். வெளியே ஒன்றும் தெரியாது, குழந்தை அழுதுகொண்டே இருக்கும். அந்த 14 ஜோடியையும் உள்பக்கம் திருப்பி, சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். சந்தேகம் வந்த ஜோடியை அவிழ்த்துவிடுங்கள். ஒரு முனையை இழுத்தால் மொத்தமும் வந்துவிடுவது குரோஷாவில் ஒரு வசதி.

ஆக்டோபஸ் டென்மார்க்கில் 2013-இல் தொடங்கியது. அதன் கால்களைப் பிடித்துக்கொண்டால் தொப்புள்கொடியைப் பிடித்த மாதிரி இருக்கும், உடம்பில் மாட்டியிருக்கும் டியூபைக் குழந்தை இழுக்காது என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆய்வு ஆதாரம் என்று பெரிதாக இல்லை. கால் 22 செ.மீ.க்கு மேல் நீளக் கூடாது என்றெல்லாம் கணக்கு உண்டு. வார்டில் அவர்களாகக் கேட்டால் மட்டும் பின்னுங்கள். அம்மாவின் மார்பில் கிடக்கும் குழந்தைக்கு அவள் விரல் இருக்கிறது.

நீங்கள் டெல்டாக்காரர். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரம் மலைமலையாகக் கிடந்த பழந்துணிகளைப் பார்த்திருப்பீர்கள். அனுப்பியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். என் 20 குல்லாவும் அந்த மலையின் ஒரு பிடிதான் என்று பிறகு தோன்றியது. அன்று சிஸ்டர் ஒரு பேண்டேஜ் பட்டையில் பேனாவால் மூன்று கோடு போட்டுக் கொடுத்தார்: 25, 28, 31 செ.மீ. என் ஊசி டப்பாவில் இன்னும் அது இருக்கிறது, மை கொஞ்சம் மங்கிவிட்டது.

அதற்கடுத்த முறை போனபோது அவரே தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார். 25-ஐவிடச் சின்னதாக, வெள்ளையில், இரண்டு மூன்று. பிழைக்காத குழந்தைகளுக்கு. தாயிடம் ஒருமுறை காட்டும்போது தலை வெறுமனே இருக்க வேண்டாம் என்றார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே பின்னுகிற குழுக்கள் இருக்கின்றன, தங்கள் கல்யாண கவுனை வெட்டித் தைக்கக் கொடுக்கிறவர்களும் உண்டு. அதைப் பின்னியபோது கை ஓடவில்லை. ஒரே வாரத்தில் முடிக்க வேண்டியதற்கு ஒரு மாதம் ஆனது. இதை நீங்கள் செய்யத்தான் வேண்டும் என்று சொல்லமாட்டேன்.

மஃப்ளருக்கு வருவோம். உங்கள் ஊரில் அதற்கு வேலை மார்கழியில் பத்து நாள். நீலகிரியில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி கொட்டும். காலையில் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்களும், எஸ்டேட் பள்ளிக்கு நடந்து வருகிற பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். ஆசிரியத் தொடர்புகள் உங்களுக்கு இருக்கும், மலையில் ஏதாவது ஒரு பள்ளியின் ஹெச்எம்மைப் பிடித்து எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நீள மஃப்ளர் வேண்டாம், விளையாடும்போது எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கும். இரண்டு முனையையும் சேர்த்து வளையமாகப் பின்னிவிடுங்கள். இங்கே அக்ரிலிக் தாராளமாகப் போகலாம்.

கைத்தடிப் பெரியவரை ஒன்றும் சொல்லாதீர்கள். நழுவாத பிடி அவருக்கு வேண்டியிருந்திருக்கிறது. அந்தக் கைத்தடியை அளந்து காட்டனில் ஓர் உறை பின்னிக் கொடுங்கள்.

தர்மமா டைம்பாஸா என்று கேட்டீர்கள். டைம்பாஸ்தான், அதில் என்ன குறை? சென்னையில் 2016 ஜனவரி 31-ஆம் தேதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தாங்கள் பின்னியதை ஒன்றாக இணைத்து 11,148.5 சதுர மீட்டருக்கு ஒரு குரோஷா போர்வை விரித்து கின்னஸ் வாங்கினார்கள். பின்னால் பிரித்துத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுக்கிற எண்ணத்தோடுதான் பின்னினார்கள். ஆனால் அவ்வளவு பேரையும் கூட்டி வந்தது கைக்கு ஒரு வேலை, பேச நாலு பேர் என்கிற ஆசைதான் என்று நினைக்கிறேன். என் பொழுதுபோக்குச் செலவை நான் என் கணக்கில்தான் எழுதுகிறேன். குல்லாவை வாங்கிக்கொண்டவர்கள் தலையில் கட்டுவதில்லை.

தர்மம் என்று இந்த நூல்வேலையைக் கையில் கொடுத்த காலமும் உண்டு. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது 1847-இல், குளோன்ஸ் என்ற ஊரில் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட், பட்டினி கிடந்த பெண்களுக்குக் குரோஷா கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அதில் வந்த கூலியில் குடும்பங்கள் பிழைத்தன. அதற்கு முன்பே நம் நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் லேஸ் வகுப்பு நடத்தியிருக்கிறார். அது குரோஷா இல்லை, தலையணையில் குண்டூசி குத்தி மரக்கட்டைகளில் நூலைச் சுற்றிப் பின்னுவது. அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைத்தளையிலிருந்து பணம் கட்டி விடுபட்ட பெண்கள் உண்டு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வார்டு வராந்தாவைக் கவனித்திருப்பீர்கள். பாய் விரித்து, தூக்குவாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உள்ளே பேரப்பிள்ளை எப்போது ஒன்றரைக் கிலோ தாண்டும் என்று வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள். பாதிப் பேர் ஒரு காலத்தில் ஒயர்கூடை பின்னியவர்களாக இருப்பார்கள். சிஸ்டரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நாலு ஊசியும் நாலு காட்டன் உருண்டையுமாக அங்கே போய் உட்காருங்கள். இத்தனை வருடம் வகுப்பெடுத்தவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் போய் அந்தப் பையைத் திரும்ப வாங்கி வந்துவிடுங்கள், கோபம் இல்லாமல். வாங்கும்போதே அளவும் கேட்டுவிடுங்கள். அதுவரை என் பட்டையின் முதல் கோட்டுக்கு நான் பின்னும் கணக்கைத் தருகிறேன். ஒரு எச்சரிக்கை: கான்வென்ட்டில் நீங்கள் கற்றது ஸ்டிச்சுகளின் பிரிட்டிஷ் பெயர்கள், யூடியூபில் பாதிக்குமேல் அமெரிக்கப் பெயர்கள். உங்கள் 'டபுள்' அவர்களுக்கு 'சிங்கிள்'. நான் சொல்வது அமெரிக்க ஹாஃப் டபுள், உங்களுக்கு ஹாஃப் ட்ரெபிள். ஊசி 3.5 மி.மீ.

மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் நூல் வளையம்) 10 ஸ்டிச். அடுத்த சுற்றில் 20, அதற்கடுத்து 30, நாலாவதில் 40. அதோடு கூட்டுவதை நிறுத்திவிட்டு நேராக எட்டுச் சுற்று. அளந்தால் 22 செ.மீ. சுற்றளவு, 10 செ.மீ. உயரம் வரும், மிச்ச மூன்றை நூல் இளகிக் கொடுக்கும். கை இறுக்கமானவர் என்றால் ஊசியை 4-க்கு மாற்றுங்கள். நூலை வெட்டும்போது ஒரு சாண் வால் விட்டு, அதை வெளிப்பக்கமாகவே மூன்று தடவை முன்னும் பின்னும் செருகி முடியுங்கள்.