சிக்னல் முழுசாக இருந்தும் இரவில் நெட் ஏன் படுத்துவிடுகிறது?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் தெருவில் 4ஜி சிக்னல் எப்போதும் ஃபுல்லாக இருக்கிறது. காலையில் நன்றாக ஓடும் நெட், இரவு 8 மணியிலிருந்து 11 வரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. எனக்கு ஆபீஸ் மீட்டிங் அந்த நேரத்தில்தான். போனை மாற்றட்டுமா, சிம்மை மாற்றட்டுமா?"

போனை மாற்றாதீர்கள், அதில் கோளாறு என்றால் காலையிலும் இப்படித்தான் இருக்கும். அந்தக் கோடுகள் டவர் உங்கள் போனுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதைத்தான் காட்டும், அதே டவரில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் காட்டாது. 4ஜியில் 20 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை இருந்தால் வழக்கமான அமைப்பில் ஏட்டளவிலான உச்சமே நொடிக்கு 150 மெகாபிட், 5 மெகாஹெர்ட்ஸ்தான் என்றால் 37. தெரு மொத்தமும் அதைத்தான் பங்கு போட வேண்டும். பந்தியில் பரிமாறுகிற மாதிரி, யாருக்கு எவ்வளவு என்று டவர் ஒவ்வொரு மில்லிசெகண்டும் முடிவு செய்கிறது. சிக்னல் மோசமான இடத்தில் இருப்பவருக்கு அதே டேட்டாவைக் கொடுக்க அதிக நேரம் பிடிக்கும், அதனால் உள்ளறையில் ஒருவர் படம் பார்த்தால் அடுத்த வீட்டுக்கும் வேகம் குறைகிறது.

நெரிசல்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். தினசரி டேட்டா தீர்ந்தால் பல பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், அதுவும் இரவில்தான் நடக்கும். ஆனால் உங்களுக்கு 11 மணிக்கே சரியாகிவிடுகிறதே, கோட்டா புதுப்பிப்பது நள்ளிரவில் என்பதால் அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு, இருந்தாலும் ஒருமுறை பாருங்கள். அப்புறம் காலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் ஒரே இடத்தில் நின்று வேகத்தை அளந்து, போனின் சிம் ஸ்டேட்டஸில் வரும் சிக்னல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நேரமும் மைனஸ் 90க்குப் பக்கத்தில் இருந்து வேகம் மட்டும் விழுந்தால் நெரிசலேதான்.

உடனே பலன் தருவது ஜன்னல். 4ஜி அலைகளில் 850, 900 மெகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி உள்ளே வரும் என்பதால் உள்ளறையில் போன் அதையே பிடித்துக்கொள்ளும், அதிக டேட்டா தாங்கும் அகலமான 2300 மெகாஹெர்ட்ஸ் வெளியிலேயே நின்றுவிடும். அதனால் போனைத் தெருப்பக்க ஜன்னலில் வைத்து லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட் கொடுங்கள். 5ஜி போன் இருந்து, உங்கள் பகுதியில் 5ஜியும் வந்துவிட்டால் அதற்குப் போய்விடலாம், ஜியோவும் ஏர்டெலும் 2022 ஏலத்தில் 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் மட்டும் ஆளுக்குக் குறைந்தது 100 மெகாஹெர்ட்ஸ் எடுத்திருக்கின்றன.

இன்னொன்று கவனித்திருப்பீர்கள், நெட் திணறும்போதும் போன் பேச்சு தெளிவாகவே இருக்கும். குரலுக்கு 4ஜியில் தனி முன்னுரிமை உண்டு. உங்கள் மீட்டிங் வீடியோவும் பக்கத்து வீட்டு ரீல்ஸும் டவருக்கு ஒன்றுதான். அதனால் மீட்டிங்கில் போன் நம்பர் வழியாகச் சேரும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், இல்லையென்றால் கேமராவை அணைத்துவிடுங்கள். வீட்டில் மற்றவர்கள் பார்க்கும் வீடியோவை 480பிக்கு இறக்கச் சொல்லுங்கள். 2020 ஊரடங்கில் வீடியோ நிறுவனங்களே மொபைல் நெட்டில் இதைத்தான் செய்தன.

சிம்மை மாற்றுவதற்கு முன், வேறு கம்பெனி சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் போனில் இரவு 9 மணிக்கு அளந்து பாருங்கள். அங்கேயும் நெரிசல் என்றால் மாறி என்ன பயன்? மாறிய பிறகு 90 நாள் வேறு எங்கும் போகவும் முடியாது. புகார் கொடுக்கும்போது "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொல்லாமல் தேதி, நேரம், இடம், இரண்டு வேகங்கள், சிக்னல் எண் எல்லாவற்றையும் கொடுத்துப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், சரியாகாவிட்டால் அதே எண்ணோடு கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம்.