மூட்டுவலி போன பிறகும் ஊசி எதற்கு?

வாசகர் கேள்விகள் – இதயநோய் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எங்களுடையது விசைத்தறி ஓட்டும் குடும்பம். பொங்கல் முடிந்த கையோடு என் பதினொரு வயது மகளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் வலது முழங்கால் வீங்கியது. அது வற்றுவதற்குள் இடது கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு என்று வீக்கம் இடம் மாறியது. கோவையில் எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ருமேட்டிக் காய்ச்சல், இதயத்தின் மிட்ரல் வால்வில் லேசான கசிவு என்றார்கள். இப்போது நன்றாக ஓடியாடுகிறாள். ஆனால் 21 நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி, அதுவும் பல வருடங்களுக்குப் போட வேண்டுமாம். போட்ட இரண்டு நாளைக்குப் பிள்ளை உட்காரவே சிரமப்படுகிறாள். வலியே இல்லாதபோது ஊசி எதற்கு என்று அவளுடைய அப்புச்சி கேட்கிறார். நிறுத்தலாமா?
– வாசகி, பல்லடம்

பதில்: நிறுத்தக் கூடாது. உங்கள் தந்தையார் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் இந்த ஊசி வந்துபோன மூட்டுவலிக்காகப் போடப்படுவதன்று, இனி வரக்கூடிய தொண்டைப் புண்ணைத் தடுப்பதற்காகப் போடப்படுவது.

ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா தொண்டையில் புண்ணை உண்டாக்கி, அது ஆறி, வீட்டில் எல்லோரும் அதை மறந்தும்விட்ட பிறகு, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் ருமேட்டிக் காய்ச்சல் தலைகாட்டுகிறது. இதில் கிருமி நேராக இதயத்துக்குள் புகுந்து கெடுப்பதில்லை. அதன் மேலுறையிலுள்ள எம் புரதத்துக்கும் இதயத் தசையிலுள்ள மயோசின் புரதத்துக்கும் அமைப்பில் சாயல் இருப்பதால், கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பாற்றலே ஆள் தெரியாமல் இதயத்தையும் மூட்டுகளையும் மூளையின் சில பகுதிகளையும் தாக்கிவிடுகிறது. 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளிடம்தான் இதை அதிகம் காண்கிறோம். ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்துறங்கும் லைன் வீடுகளில், இருமலிலும் தும்மலிலும் தெறிக்கும் துளிகள் வழியே தொண்டைக் கிருமி சுலபமாகப் பரவும்.

மூட்டு வீக்கம் ஆஸ்பிரின் கொடுத்த சில நாட்களில் வடிந்து, பெரும்பாலும் சுவடே இல்லாமல் போய்விடும். இதய அறைகளுக்கு நடுவே கதவுபோல் இருக்கும் வால்வு அப்படியன்று. அழற்சி அடங்கும்போது அதன் மெல்லிய இதழ்களில் தழும்பு விழுகிறது. அடுத்த தாக்குதல் அந்தத் தழும்பின்மேல் இன்னொரு தழும்பை ஏற்றுகிறது. இந்த வகைத் தொண்டைப் புண்ணுக்குச் சிகிச்சை எடுக்காத பிள்ளைகளில் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவாகவே ருமேட்டிக் காய்ச்சல் வருகிறது. ஆனால் ஒருமுறை வந்த பிள்ளைக்கு மறுபடியும் அதே கிருமி தொற்றினால், பாதிப் பேர் வரைகூட நோய் திரும்பலாம். லேசான கசிவு பல பிள்ளைகளுக்கு நாளடைவில் குறைந்து மறைந்தும்விடுகிறது என்பதால், உங்கள் மகளுக்கு இப்போது கிடைத்திருப்பது நல்ல வாய்ப்பு. இதயம் பாதிக்கப்படாதவர்களுக்குக் குறைந்தது 5 ஆண்டு அல்லது 18 வயது வரை, லேசாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 10 ஆண்டு அல்லது 25 வயது வரை, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை ஊசி தொடர வேண்டும் என்பது நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் பின்பற்றும் வழிமுறை.

ஊசியின் வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 27 கிலோவுக்கு மேல் எடையுள்ள பிள்ளைக்கு 12 லட்சம் யூனிட் பென்சத்தைன் பென்சிலின் போடுகிறோம். வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கலக்கிக் குலுக்கினால் பால்போல் கெட்டியாக நிற்கும் மருந்து அது. தாமதித்தால் ஊசிமுனையிலேயே அடைத்துக்கொள்ளும். மரத்துப்போகும் மருந்தான லிக்னோகைனில் கலந்து, அவசரப்படாமல் மெதுவாகச் செலுத்தினால் வலி நன்றாகக் குறையும். இதைச் செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள். வெறும் வயிற்றோடு அழைத்துப் போகாதீர்கள். போட்ட பிறகு அரை மணி நேரமாவது அங்கேயே இருங்கள்.

கேள்வி: என் ஒன்பது வயது மகன் இரவானால் கால் வலி என்று அழுகிறான். காலையில் ஒன்றும் இல்லை. லேபில் ஏ.எஸ்.ஓ. என்னும் இரத்தப் பரிசோதனையில் அளவு 400 என்று வந்ததால் பென்சிலின் ஊசி தொடங்கச் சொல்கிறார்கள். இதயம் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: சமீபத்தில் எப்போதோ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்து போயிருக்கிறது என்பதைத்தான் ஏ.எஸ்.ஓ. சொல்லும். பள்ளிக்குப் போகும் ஆரோக்கியமான பிள்ளைகள் பலருக்கும் அது கூடுதலாகவே இருக்கும். அந்த ஓர் எண்ணை நம்பி ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வருத்தமான வழக்கம் இது.

அமெரிக்க மருத்துவர் டக்கெட் ஜோன்ஸ் 1944-இல் வகுத்து, கடைசியாக 2015-இல் திருத்தப்பட்ட அளவுகோலைக் கொண்டே இந்த நோயை முடிவு செய்கிறோம். மூட்டு விட்டு மூட்டு தாவும் வீக்கம், இதய அழற்சி, தோலில் வளையமாகப் படரும் சிவப்பு, தோலுக்கடியில் சிறு முடிச்சுகள், கொரியா என்னும் கைகால் துள்ளல் ஆகியவை அதில் முதன்மையானவை. இவற்றில் கொரியாதான் பெற்றோரை அதிகம் ஏமாற்றுகிறது. தொண்டைப் புண் வந்து பல மாதம் கழித்து, காய்ச்சலே இல்லாமல், நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் எழுத்து கோட்டை விட்டு ஓடும். சட்டைப் பொத்தான் போட வராது. கையிலிருக்கும் டம்ளர் நழுவும். பள்ளியில் அடியும் வீட்டில் மந்திரித்த கயிறும் கிடைத்த பிறகே பலர் எங்களிடம் வருகிறார்கள்.

உங்கள் மகனுக்கு வீக்கமும் காய்ச்சலும் இல்லாமல், இரவில் மட்டும் வலித்துக் காலையில் மறைவதானால், அது வளரும் வயதில் வரும் சாதாரணக் கால்வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குழந்தை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். தேவைப்பட்டால் ஒரு எக்கோ எடுத்துப் பார்த்த பிறகு ஊசியைப் பற்றி முடிவு செய்யலாம்.

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது, ஐந்து மாதக் கர்ப்பம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் இருமல் வருகிறது. மிட்ரல் வால்வு சுருங்கி 0.9 சதுர சென்டிமீட்டர்தான் திறக்கிறது என்கிறார்கள். சிறுவயதில் அவளுக்கு மூட்டுவலி வந்ததாக எங்கள் அம்மாவுக்கு நினைவே இல்லை. பிறகு எப்படி இது வந்தது?
– வாசகி, தாராபுரம்

பதில்: வால்வு நோயோடு வருகிறவர்களில் பெரும்பகுதியினருக்கு அப்படியொரு நினைவு இருப்பதில்லை. முதல் தாக்குதல் சத்தமில்லாமல் வந்து போயிருக்கும். மேலைநாடுகளில் நடுத்தர வயதில் காணும் வால்வுச் சுருக்கம் நம் நாட்டில் 20 வயதுக்குள்ளேயே வந்துவிடுவதை, டெல்லி மருத்துவர் சுஜோய் ராயும் உடன் பணியாற்றியவர்களும் 1963-இலேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

இயல்பான மிட்ரல் வால்வு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். 1.5-க்குக் கீழே போனாலே தீவிரம் என்கிறோம். கர்ப்ப காலத்தில் உடலிலுள்ள இரத்தத்தின் அளவு பாதியளவுக்குக்கூட அதிகரிக்கும், நாடித்துடிப்பும் வேகமாகும். அத்தனை இரத்தமும் அந்தக் குறுகிய வாசலைக் கடக்க முடியாமல் பின்தங்கும்போது, நுரையீரலில் நீர் கோக்கிறது. ஆகையால் இந்த மூச்சுத் திணறலைக் கர்ப்பத்தில் எல்லோருக்கும் வருவதுதான் என்று விட்டுவிடாதீர்கள். தலையணையை உயர்த்தி வைத்துத் தூங்க வேண்டிய நிலை வந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, ஓய்வு ஆகியவற்றுக்குக் கட்டுப்படாவிட்டால், தொடை இரத்தக்குழாய் வழியே பலூனைச் செலுத்தி வால்வை விரித்துவிடலாம். ஜப்பானிய மருத்துவர் காஞ்சி இனோவே 1984-இல் வெளியிட்ட இந்த முறையை, வயிற்றைக் கதிர்வீச்சு படாமல் மறைத்து, கர்ப்பிணிகளுக்கும் செய்கிறோம். நான்காம் மாதத்துக்குப் பிறகு செய்வது நல்லது. வால்வு மிகவும் கசிந்தாலோ, சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தாலோ, இடது மேலறையில் இரத்தக்கட்டி இருந்தாலோ பலூன் ஒத்துவராது. பிரசவ நேரமும் அதற்கடுத்த முதல் நாளும் ஆபத்து மிகுந்தவை என்பதால், இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் ஒருங்கே இருக்கும் பெரிய மருத்துவமனையில்தான் பிரசவம் நடக்க வேண்டும்.

கேள்வி: மூத்தவனுக்கு ருமேட்டிக் காய்ச்சல். இளையவனுக்கும் ஒட்டுமா? இருவருக்கும் டான்சிலை எடுத்துவிடலாமா?
– வாசகர், பவானி

பதில்: ருமேட்டிக் காய்ச்சல் ஒட்டாது, தொண்டைக் கிருமி ஒட்டும். டான்சிலை எடுத்தாலும் மூத்தவனுக்கு ஊசி தொடர்ந்தாக வேண்டும் என்பதால், இந்தக் காரணத்துக்காக மட்டும் அறுவை செய்ய வேண்டியதில்லை. இளையவனுக்குச் சளியும் இருமலும் இல்லாமல், காய்ச்சலோடு எச்சில் விழுங்கவே வலித்து, கழுத்தில் நெறிகட்டினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். புண் தொடங்கிய 9 நாளுக்குள் பென்சிலின் வகை மருந்தைத் தொடங்கினாலே ருமேட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். மாத்திரையானால் 10 நாளும் முழுதாகக் கொடுங்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது என்று அட்டையில் மீதம் வைத்துவிடாதீர்கள்.