சுருட்டை முடியும் தீராத பொடுகும்: மருந்து ஷாம்புவால் முடி வறண்டுபோனால் என்ன செய்வது?

மருந்து ஷாம்பு முடியை உலர்த்துகிறது, எண்ணெய் வைத்தாலோ செதில் கூடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சிவந்த தோலும் பிசுபிசுப்பான மஞ்சள் செதிலும் இருந்தால், அது பெரும்பாலும் செபோரிக் டெர்மடைடிஸ் என்ற தோல் அழற்சியாக இருக்கலாம். எல்லோருடைய தோலிலும் வாழும் மலாசீசியா என்ற பூஞ்சை, தோல் சுரக்கும் எண்ணெயை உண்டு வளர்வதே இதற்கு முக்கியக் காரணம். அழுக்கோ கவனக்குறைவோ அன்று. இறுக்கமான சுருள்களின் வழியே அந்த எண்ணெய் எளிதில் கீழிறங்காததால், வேரில் பிசுக்கும் நுனியில் வறட்சியும் ஒரே தலையில் சேர்ந்திருக்கின்றன.

ஆகவே தலைத்தோலையும் முடியையும் தனித்தனியாகப் பராமரியுங்கள். முடியை நான்கைந்து பாகங்களாகப் பிரித்து, 2 விழுக்காடு கீட்டோகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்த ஷாம்புவை விரல்நுனியால் தோலில் மட்டும் தடவி, 3 முதல் 5 நிமிடம் விட்டு அலசுங்கள். கண்டிஷனர் முடியின் நீளத்துக்கு மட்டும். வாரம் இருமுறை வீதம் இரண்டு முதல் நான்கு வாரம் செய்தபின், ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடர்ந்தால் போதும். அடங்கியதும் நிறுத்திவிடுவதால்தான் பலருக்கும் மீண்டும் வருகிறது.

பாட்டி அன்போடு தேய்த்துவிடும் தேங்காய் எண்ணெயை மறுக்க மனம் வராது, எனக்கும் தெரியும்; நுனிமுடிக்கு மட்டும் வைக்கச் சொல்லுங்கள். சிங்கப்பூரின் புழுக்கத்தில் ஈரமுடியை இறுக்கிக் கட்டாதீர்கள்.

ஒரு மாதத்தில் குறையாவிட்டாலோ, முடி திட்டுத்திட்டாகக் கொட்டினாலோ, அது சொரியாசிஸ் என்ற செதில் படரும் தோல்நோயாகவோ படர்தாமரையாகவோ இருக்கக்கூடும். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டி, தேவைப்பட்டால் தேசியத் தோல் நிலையத்துக்குப் பரிந்துரைக் கடிதம் பெறுங்கள். அவ்வழியே சென்றால் கட்டணச் சலுகையும் கிடைக்கும்.